கிரியேட்டினின் 1.3 தானே, அப்புறம் எதற்கு பயாப்ஸி?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. மூன்று வருஷம் டயாலிசிஸில் இருந்தான். எதனால் கிட்னி போனது என்று கடைசிவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டரை மாதத்துக்கு முன்பு எங்கள் அம்மா (வயது 58) கொடுத்த சிறுநீரகத்தை வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், சிறுநீர் நன்றாகப் போகிறது, கிரியேட்டினின் 1.3. டாக்ரோலிமஸ் (உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) லெவல் மட்டும் ரத்தத்தில் ஒரு தடவை 11, அடுத்த தடவை 5 என்று மாறி மாறி வருகிறது. மூன்று மாதம் முடிந்ததும் ஒரு பயாப்ஸி எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தொந்தரவே இல்லையே என்றால், "உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், போகப் போக எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைக்கும்" என்கிறார். "நான் கொடுத்ததைப் போய் ஊசியால் குத்துவார்களா?" என்று அம்மா அழுகிறார். குத்தினால் கிட்னி கெட்டுவிடும் என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். இந்த பயாப்ஸியை வைத்து கிட்னி எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்ல முடியுமா? மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடும் சோதனை வந்துவிட்டதாகப் படித்தேன், அதைச் செய்யலாமா? உங்கள் வீட்டில் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?
– வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் வீட்டில் என்றாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் டாக்டர் சொன்னதில் இரண்டாவது பாதிக்காக இல்லை, முதல் பாதிக்காக. மூன்றாம் மாத பயாப்ஸி இந்தச் சிறுநீரகம் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லாது. மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, அப்படியே விடுவதா என்பதைச் சொல்லும். லெவல் 5-க்கும் 11-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இப்போது தெரிய வேண்டியது அதுதான்.

முதலில் அந்த 1.3. கேட்கச் சந்தோஷமான எண், மறுக்கவில்லை. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து, சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு. மூன்று வருஷம் டயாலிசிஸில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் சதை வற்றிப்போயிருக்கும். நல்ல உடற்கட்டுள்ள ஓர் ஆளுக்கு வரும் 1.3-உம் உங்கள் தம்பிக்கு வரும் 1.3-உம் ஒரே அளவு வேலையைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். ஒரு பகுதி அடிபட்டால் மீதி இருப்பது கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். கிரியேட்டினின் ஏறி நம் கண்ணில் படுகிற நேரத்தில், உள்ளே சேதம் தொடங்கி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

ரத்தமும் சிறுநீரும் சுத்தமாக இருக்க, திசுவுக்குள் மட்டும் நிராகரிப்பு ஓடிக்கொண்டிருப்பதை சப்கிளினிக்கல் ரிஜெக்‌ஷன் என்கிறோம். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, சிறுநீர் குறையாது. பயாப்ஸி ஒன்றுதான் அதை நேரில் காட்டும். தொந்தரவு வந்த பிறகு எடுப்பது ஒரு வகை என்றால், தொந்தரவே இல்லாமல் நாள் குறித்து எடுப்பது இன்னொரு வகை. அதற்கு புரோட்டோகால் பயாப்ஸி என்று பெயர். சில மையங்களில் எல்லோருக்கும் எடுக்கிறார்கள், சில மையங்களில் யாருக்கும் எடுப்பதில்லை, சில இடங்களில் சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும். உங்களுக்குத் தெரிந்த வேறொருவருக்கு எடுக்கவில்லை என்பதற்காக உங்கள் டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இப்படி நாள் குறித்து எடுத்துப் பொறுமையாகப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவில் சிட்னி வெஸ்ட்மீட் மருத்துவமனைக் குழுவினர். 120 நோயாளிகள், பத்து வருஷம் வரை, மொத்தம் 961 பயாப்ஸி. 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே 94 சதவீதம் பேரின் சிறுநீரகத்தில் லேசான தழும்பு விழுந்திருந்தது. அந்த ஆரம்பச் சேதத்துக்குக் காரணமாக அவர்கள் கண்டது, அறுவையின்போது ரத்த ஓட்டம் இல்லாமல் சிறுநீரகம் பட்ட பாடு, முன்பு வந்த கடுமையான நிராகரிப்பு, அப்புறம் இந்தச் சத்தமில்லாத நிராகரிப்பு. பிந்தைய வருஷங்களில் கதை மாறுகிறது. அப்போது ரத்தக் குழாய்களையும் வடிகட்டிகளையும் கெடுப்பதில், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தின் பங்கே பெரிதாகத் தெரிந்தது. அந்த நோயாளிகள் எல்லோரும் டைப் 1 சர்க்கரை நோயாளிகள், ஏறக்குறைய எல்லோருக்கும் கணையமும் சேர்த்து வைத்திருந்தார்கள், சிகிச்சையும் பழைய காலத்தது. அந்தச் சதவீதத்தை உங்கள் தம்பிக்கு அப்படியே பொருத்தாதீர்கள். சேதம் சீக்கிரமே தொடங்குகிறது, சத்தமில்லாமல் தொடங்குகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் என்று குறிப்பதற்கும் காரணம் இதுதான். அறுவையில் பட்ட அடி பெரும்பாலும் ஆறியிருக்கும். சத்தமில்லாத நிராகரிப்பு அதிகம் தென்படுவது முதல் சில மாதங்களில். அழற்சி தழும்பாக இறுகுவதற்கு முன் கையில் சிக்கினால் ஏதாவது செய்யலாம். இறுகிய தழும்பைக் கரைக்க இன்றைக்கு மருந்து கிடையாது.

சரி, எடுத்த திசுவில் என்னதான் பார்க்கிறார்கள்? வருவது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் உள்ள ஒரு துணுக்கு, பொதுவாக அப்படி இரண்டு. அதை மெல்லிய படலங்களாகச் சீவி, சாயம் ஏற்றி, பேத்தாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் வைக்கிறார். பிஏஎஸ் என்றொரு சாயம் உண்டு. அதை ஏற்றினால் ஒவ்வொரு சிறுகுழாயின் வெளிவிளிம்பும் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே சில வெள்ளணுக்கள் நிற்பது பெரிய விஷயமில்லை. சிறிய, உருண்டையான, கரும்புள்ளி போன்ற அந்த அணுக்கள் கோட்டைத் தாண்டிக் குழாயின் சுவருக்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. நுழைந்திருந்தால் எண்ணுவார்கள். மிக மோசமாக அடிபட்ட குழாயில் ஒன்றிலிருந்து நான்கு வரை என்றால் டி1, ஐந்திலிருந்து பத்து என்றால் டி2, பத்துக்கு மேல் டி3. குழாய்களுக்கு இடைப்பட்ட பகுதியில் எவ்வளவு அழற்சி, தமனியின் உட்சுவருக்கு அடியில் வெள்ளணு இருக்கிறதா, நுண்குழாய்களில் அணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா, தழும்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். இதற்கு பேன்ஃப் முறை என்று பெயர். கனடாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் பேன்ஃப் என்ற ஊரில் 1991-இல் கூடிப் பேசி உருவாக்கியது. இன்றுவரை திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிடும்போது எங்களுக்கே கொஞ்சம் தலை சுற்றும்.

அறிக்கை கைக்கு வந்ததும் உங்கள் டாக்டரின் கண் தேடப்போவது முக்கியமாக மூன்று படங்களை. குழாய்ச் சுவருக்குள் வெள்ளணு நுழைந்து நிராகரிப்பு தெரிந்தால், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். அளவைப் பொறுத்து மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசியும் தேவைப்படலாம். டாக்ரோலிமஸ் அதிகமாகி நஞ்சாகி, குழாய் அணுக்களுக்குள் சின்னச் சின்ன வெற்றிடங்கள் தெரிந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, பிகே வைரஸ். பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலிருந்தே சும்மா குடியிருக்கும் வைரஸ் இது. எதிர்ப்பு சக்தியை அடக்கியதும் மாற்றுச் சிறுநீரகத்தில் தலைதூக்கும். இதிலும் வெள்ளணு குவியும், குழாய்க்குள் நுழையும், மேலோட்டமாகப் பார்த்தால் நிராகரிப்பு மாதிரியே இருக்கும். எஸ்வி40 என்ற தனிச் சாயம் போட்டால் வைரஸ் பிடித்த அணுக்கள் பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வைத்தியம் மருந்தைக் குறைப்பது. நிராகரிப்பு என்று தவறாக நினைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

பாருங்கள், ஒன்றுக்குக் கூட்ட வேண்டும், இரண்டுக்குக் குறைக்க வேண்டும். மூன்றிலும் ஆரம்பத்தில் கிரியேட்டினின் 1.3 ஆகவே இருக்கலாம். லெவல் 11 வந்த நாள்களில் நஞ்சு, 5 வந்த நாள்களில் நிராகரிப்பு என்று இரண்டு பக்கமும் சந்தேகப்பட உங்கள் தம்பியிடம் காரணம் இருக்கிறது. இதனால்தான் பயாப்ஸிக்கு நான் சம்மதம் சொல்கிறேன்.

இன்னொரு லாபமும் உண்டு. எதனால் கிட்னி போனது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பலர் கிட்னி சுருங்கிய பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள், அப்போது பயாப்ஸி எடுத்தும் பயன் இருக்காது, காரணம் தெரியாமலே டயாலிசிஸ் தொடங்கிவிடுகிறது. ஐஜிஏ நெஃப்ரோபதி, எஃப்எஸ்ஜிஎஸ் போன்ற, வடிகட்டிகளைக் கெடுக்கும் நோய்கள் புதுச் சிறுநீரகத்திலும் திரும்பி வரக்கூடியவை. துணுக்கில் ஒரு பகுதியை இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற ஒளிரும் சாய முறைக்கும் அனுப்பினால் ஐஜிஏ தெரிந்துவிடும். அதை மறக்காமல் அனுப்புகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆரூடத்துக்கு வருவோம்.

ஆரம்ப பயாப்ஸிக்கும் பின்னால் நடப்பதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு, சந்தேகமில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், உங்கள் அம்மாவைப் போல உயிருடன் இருப்பவர்கள் கொடுத்த சிறுநீரகம் பெற்றவர்களின் ஒரு வருஷ பயாப்ஸியைப் பார்த்து 2010-இல் எழுதினார்கள். தழும்பு மட்டும் இருந்தவர்களின் சிறுநீரகம் பெரிதாகச் சரியவில்லை. தழும்பும் அதோடு அழற்சியும் சேர்ந்து இருந்தவர்களுக்குத்தான் செயல்திறன் இறங்கியது. நடைமுறையில் எனக்கு மிகவும் பயன்படும் கண்டுபிடிப்பு இது. அறிக்கையில் "லேசான தழும்பு" என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் குடும்பமே சாப்பிடாமல் கிடப்பதைப் பார்க்கிறேன். அந்த வரிக்குப் பக்கத்தில் அழற்சி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கவலைப்படலாம்.

பாரிஸில் 1001 பேருக்கு ஒரு வருஷத்தில் பயாப்ஸி எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 2015-இல் வெளியானது. எதிரணுவால், அதாவது புதுச் சிறுநீரகத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியால், வரும் சத்தமில்லாத நிராகரிப்பு இருந்தவர்களில் எட்டு வருஷம் கழித்து 56 சதவீதம் பேரின் சிறுநீரகம் ஓடிக்கொண்டிருந்தது. நிராகரிப்பு இல்லாதவர்களில் 90 சதவீதம். வெள்ளணுவால் வரும் நிராகரிப்பு, அதாவது மேலே சொன்ன குழாய்க்குள் நுழையும் வகை, கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 88 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மிக மோசமான அந்தக் கூட்டத்திலும் பாதிக்கு மேல் ஆட்கள் எட்டு வருஷம் கழித்தும் டயாலிசிஸ் இல்லாமல்தான் இருந்தார்கள். உங்கள் தம்பி அந்த 56-இல் ஒருவரா, மீதி 44-இல் ஒருவரா என்று கண்ணாடித் தட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு தனி ஆளுக்குத் தேதி குறித்துக் கொடுக்காது. இதே பாரிஸ் குழுவினர் 2019-இல் ஐபாக்ஸ் என்றொரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். 7557 நோயாளிகளின் தகவல். அதில் பயாப்ஸி மட்டுமில்லை. வடிகட்டும் திறன், சிறுநீரில் போகும் புரதம், தானம் கொடுத்தவருக்கு எதிரான எதிரணுவின் அளவு, மாற்று நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண். திசு மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்யாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் இதைப் பயன்படுத்த ஐரோப்பிய மருந்து முகமை ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து தம்பியின் ஆயுளைப் போட்டுப் பார்க்கும் கருவியாக நினைக்க வேண்டாம்.

பொதுவாக ஒரு எண் வேண்டும் என்றால், அமெரிக்கக் கணக்குப்படி சமீப காலத்தில் உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகங்களில் பாதி, சுமார் 19 வருஷம் தாண்டியும் ஓடும் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவரிடமிருந்து பெற்றதற்கு 12 வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவும் கூட்டத்தின் கணக்குதான்.

திசுவை நம்புவதில் இன்னொரு சிக்கல். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது கிளறிய பானைக்குச் சரி. சிறுநீரகம் கிளறிய பானை இல்லை. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள், துணுக்கில் வருவது பத்தோ இருபதோ. அழற்சியும் தழும்பும் திட்டுத் திட்டாகத்தான் விழும். ஆகையால்தான் குறைந்தது பத்து க்ளோமெருலஸ் (அந்த வடிகட்டிதான்), இரண்டு தமனி இருந்தால்தான் போதுமான மாதிரி என்று பேன்ஃப் முறை கேட்கிறது. அறிக்கையின் முதல் சில வரிகளில் இந்த எண்ணிக்கை இருக்கும். நான்கு க்ளோமெருலஸை வைத்துக்கொண்டு "நிராகரிப்பு இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த "இல்லை"க்குப் பலம் குறைவு. ஒரே தட்டை இரண்டு பேத்தாலஜிஸ்ட் பார்த்து ஒருவர் டி1, மற்றவர் டி2 என்பதும் அபூர்வமில்லை.

உங்கள் அம்மாவின் வயதை இங்கே நினைவில் வையுங்கள். 58 வயதுச் சிறுநீரகத்தில் சில வடிகட்டிகள் மூடிப்போயிருப்பதும், ரத்தக் குழாய்ச் சுவர் கொஞ்சம் தடித்திருப்பதும் இயல்பு. அது அம்மாவின் வயசு, தம்பி உடம்பு செய்த வேலை இல்லை. வைத்த அன்றே ஒரு துணுக்கு எடுத்து வைத்திருந்தால் எது அம்மாவோடு வந்தது, எது புதிதாக வந்தது என்று பிரிக்கலாம். அப்படி எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. இந்த மூன்றாம் மாத அறிக்கையே இனிமேல் ஒப்பிடுவதற்கு ஆரம்பக் கோடாக இருக்கும்.

சரி, கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால் உண்மையில் பலன் உண்டா? இங்கேதான் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. கனடாவின் வினிபெக்கில் டேவிட் ரஷ் குழுவினர் 72 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் மாதங்களில் பயாப்ஸி எடுத்து, சத்தமில்லாத நிராகரிப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். 1998-இல் வந்த முடிவில் அவர்களுடைய சிறுநீரகம் இரண்டு வருஷத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அது சைக்ளோஸ்போரின் என்ற பழைய மருந்தின் காலம். அதே ரஷ் பிறகு டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் என்ற புதிய மருந்துகளை எடுக்கும் 240 பேரிடம் இதைத் திரும்பச் செய்து பார்த்தார், 2007-இல் எழுதினார். பலன் தெரியவில்லை. காரணம், புதிய மருந்தில் சத்தமில்லாத நிராகரிப்பே மிகக் குறைவாக, 5 சதவீதத்துக்கும் கீழே, இருந்தது. தேடியும் கிடைக்காததற்குச் சிகிச்சை கொடுத்துப் பலன் காட்ட முடியாது இல்லையா. எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்பவர்களின் வலுவான வாதம் இது, நானும் பெருமளவு அதை ஏற்கிறேன். 2009-இல் வந்த கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ வழிகாட்டியும், கண்டுபிடித்தால் சிகிச்சை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அதற்கான ஆதாரத்தை மிகக் கீழ்ப்படியில்தான் வைத்தது. லெவல் நிலையாக இருந்து, எதிரணு இல்லாத ஒருவருக்கு பயாப்ஸி வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவசியமில்லை என்றுகூடச் சொல்லியிருப்பேன். லெவல் இப்படி ஆடுகிற ஆள் அந்த 240 பேரின் சராசரியில் அடங்குபவர் இல்லை. அதனால்தான் உங்கள் தம்பிக்கு வேண்டும் என்கிறேன்.

மரபணுச் சோதனை பற்றி. நீங்கள் படித்தது அநேகமாக கோகார் ஆய்வாக இருக்கும். நியூயார்க் மவுண்ட் சைனாயில் பார்பரா மர்ஃபியும், சிட்னி வெஸ்ட்மீட்டில் பிலிப் ஓ'கானலும் முன்னின்று பல மையங்களைச் சேர்த்து நடத்தியது, 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்றாம் மாத பயாப்ஸியில் 13 மரபணுக்கள் எந்த அளவுக்குச் செயல்படுகின்றன என்று அளந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் யாருக்குச் சேதம் கூடியிருக்கும் என்பதை, வழக்கமான மருத்துவத் தகவலும் நுண்ணோக்கி அறிக்கையும் சேர்ந்து சொல்வதைவிட அது நன்றாகச் சொன்னது. நல்ல ஆய்வு, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கவனியுங்கள், அதற்கும் அதே ஊசி, அதே துணுக்கு வேண்டும், ஊசியிலிருந்து தப்பிக்கும் வழி இல்லை. ஆபத்து அதிகம் என்று தெரிந்த பிறகு என்ன மருந்து மாற்றினால் அந்த ஆபத்து குறையும் என்பதற்கு அதில் பதில் இல்லை. நம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் சோதனையாகவும் அது வந்துவிடவில்லை. ரத்தத்தில் தானம் கொடுத்தவரின் டிஎன்ஏ துணுக்குகளை அளக்கும் சோதனை ஒன்றும் இருக்கிறது, அது ஊசியில்லாதது. சிறுநீரகத்தில் அடி விழுந்திருக்கிறது என்று காட்டும், அடித்தது யார் என்று காட்டாது. கூட்டவா குறைக்கவா என்று கேட்டால் மறுபடி பயாப்ஸிக்குத்தான் வர வேண்டும். இப்போதைக்கு இவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மாற்றுச் சிறுநீரகம் முதுகில் இல்லை, அடிவயிற்றில் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு எடுப்பார்கள். துணுக்கு எடுக்கும் நொடியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத் திடுக்கிட வேண்டாம் என்று தம்பியிடம் முன்பே சொல்லிவையுங்கள். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் துள்ளுகிறார்கள். அப்புறம் சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கெட்டுப்போகுமா? 2003-இல் பல மையங்களின் 2127 புரோட்டோகால் பயாப்ஸிகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரே ஒரு சிறுநீரகம் பறிபோயிருந்தது, யாரும் இறக்கவில்லை. ஜெர்மனியின் ஹனோவரில் 1171 பயாப்ஸிகளில் பெரிய சிக்கல் நூற்றுக்கு ஒன்று, சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு. சித்தப்பா சொல்வது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆபத்து பூஜ்யம் இல்லை. ஆனால் அது ரத்தக் கசிவின் ஆபத்து, குத்திய இடத்திலிருந்து சிறுநீரகமே அழுகிப்போகும் என்பது இல்லை. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால், ரத்தம் உறையும் சோதனைகள் சரியாக இருந்தால் ஆபத்து இன்னும் குறையும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஏதாவது தம்பி எடுக்கிறாரா என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, திடீரென்று நின்றுபோனாலோ, வயிற்றில் வலி கூடிக்கொண்டே போனாலோ காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் பளு தூக்க வேண்டாம், பைக்கில் குண்டும் குழியுமான ரோட்டில் போக வேண்டாம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நிராகரிப்பு என்று வந்தால் என்ன மாற்றுவீர்கள், வைரஸ் என்று வந்தால் என்ன மாற்றுவீர்கள், ஒன்றும் இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் தயங்காமல் எடுங்கள். "வந்த பிறகு பார்ப்போம்" என்றால் இன்னொரு நெஃப்ராலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம், அதில் தப்பில்லை. கூடவே ரத்தத்தில் பிகே வைரஸ் அளவும், அம்மாவின் திசுவுக்கு எதிரான எதிரணு இருக்கிறதா என்ற சோதனையும் பார்த்தார்களா என்று விசாரியுங்கள்.

பயாப்ஸிக்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது அந்த 5-உம் 11-உம் எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது. லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகிறாரா? அப்படிப் போனால் எண் பொய்யாக ஏறும். முந்தின இரவு மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன், ஒரு நாள் பின் என்று மாற்றி எடுக்கிறாரா? மருந்துக் கடையில் இந்த மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் வேறு கம்பெனி என்று வாங்குகிறீர்களா? ஒரே தயாரிப்பில் நில்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் லெவல் ஏறும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்றவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இறக்கும். யாரோ சொன்னார்கள் என்று கஷாயமோ லேகியமோ எடுத்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். 34 வயதுப் பையன், உடம்பு தேறியதும் மாத்திரையை ஒரு வேளை மறப்பது சகஜம். கோபப்படாமல் கேளுங்கள், போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். லெவல் இப்படி ஏறி இறங்குவதே சிறுநீரகத்தின் எதிர்காலத்துக்குக் கெட்ட அறிகுறி என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயாப்ஸி செய்யும் ஆரூடத்தில் ஒரு பங்கை ஒரு ரூபாய் செலவில்லாமல் இது செய்துவிடுகிறது, இதை மாற்றுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் அம்மாவின் கண்ணீர் இருக்கிறது, அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கும் 58 வயதுக்காரர் அவர். வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சர்க்கரை பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. தம்பியை பயாப்ஸிக்குக் கூட்டிப்போகும் அன்றே அம்மாவையும் அழைத்துப்போய் அவருக்கும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.